மேய்ப்பரின் கோலும் விசுவாசியின் மனச்சான்றும்

சமயத் தலைவரை மேய்ப்பராகவும் அடியாரை மந்தையாகவும் உருவகித்துக் கூறுவது கிறிஸ்தவ மரபில் தொன்றுதொட்டு வரும் வழக்கு. மேய்ப்பரின் கையில் ஒரு கோல் உண்டு. ஓநாயை விரட்டவும் வழி தவறிய ஆட்டைத் திருப்பவும் அக்கோல் பயன்படுகிறது. ஆயினும் எந்த உருவகமும் ஓரளவுக்கே பொருந்தும். மந்தையில் நிற்பவன் மனச்சான்று உடைய மனிதன். அவன் எந்தப் பாட்டைப் பாட வேண்டும், மணவிழாவில் பூச்சூடலாமா, யார் அருகில் அமர வேண்டும், யார் சமைத்த உணவை உண்ண வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட மேய்ப்பருக்கு உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

தமிழ் மண்ணில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும், பின்னர்த் திருநெல்வேலிச் சீமையிலும் சபைகளைப் பிளந்த வினா இது. பெரும் புலவர் ஒருவரின் பிழைப்பு இதனாற் பறிபோயிற்று; நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கோயிலைத் துறந்து வெளியேறின. அந்த வரலாற்றை நோக்குதல் இன்றும் பயன் தருவதாகும்.

அதிகாரத்தின் ஊற்று

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் லுத்தரின் வழியைப் பின்பற்றியவர்கள். அவ்வழியின் அடிப்படையே மத குருவின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை வகுத்ததுதான். கிறிஸ்தவனின் சுயாதீனத்தைப் பற்றி 1520இல் லுத்தர் எழுதிய சிறுநூல் இரண்டு கருத்துகளை ஒருசேர நிறுவுகின்றது. விசுவாசத்தினால் கிறிஸ்தவன் எவருக்கும் அடிமையல்லன் என்பது ஒன்று. அன்பினால் அவன் எல்லாருக்கும் ஊழியன் என்பது மற்றொன்று. 1530இல் வகுக்கப்பட்ட அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும் சபைத் தலைவர்களின் அதிகாரம் இறைமொழியைப் போதிப்பதிலும் திருநியமங்களை வழங்குவதிலுமே அடங்கும் என்று வரையறுத்தது. வாளும் வன்முறையும் அவர்களுக்கு உரியன அல்ல. அறிவுறுத்தலே அவர்களின் கருவி.

கோட்பாடு இவ்வளவு தெளிவாயிருந்தும் நடைமுறை சிக்கலாயிற்று. ஐரோப்பாவில் சபைப் போதகர் போதகராக மட்டுமே விளங்கினார். தமிழகத்து மிஷனில் அவரே பள்ளியை நடத்தினார்; உபதேசியாரையும் ஆசிரியரையும் நியமித்தார்; அவர்களுக்குச் சம்பளம் வழங்கினார்; சபையாரின் குடும்ப வழக்குகளையும் தீர்த்தார். அறிவுரை கூறும் வாயும் ஊதியம் அளக்கும் கையும் ஒருவருடையனவே ஆயின. போதகரோடு கருத்து மாறுபட்டவன் தன் வீட்டு அடுப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

குருப்பட்டம் எட்டாத உபதேசியார்

போதகரின் கை ஓங்கியதை மட்டும் கூறினால் இவ்வரலாறு பாதியளவே கூறியதாகும். தொடக்கக் காலத்தில் சபையாரின் கையே ஓங்கியிருந்த நிகழ்ச்சியும் உண்டு.

தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த ராஜநாயக்கன் என்பவர் பறையர் குலத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சிடப்பட்ட வேதநூலைப் படித்து உள்ளம் மாறி, 1727ஆம் ஆண்டளவில் மிஷனரிமாரை நாடிவந்தார். தஞ்சை நாட்டில் அவர் ஆற்றிய உபதேசப் பணி பெரிது. அதன் பொருட்டு அவர் பட்ட துன்பமும் பெரிது. 1733இல் ஆரோன் என்னும் தமிழர் முதன்முதலாகப் புராட்டஸ்தாந்துக் குருப்பட்டம் பெற்றார். அடுத்தபடியாக ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது ராஜநாயக்கனின் தகுதி மிஷனரிமாருக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் உடன்படமாட்டார்கள் என்று அஞ்சினர். 1741இல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குச் சென்றது. ராஜநாயக்கன் உபதேசியாராகவே தொண்டாற்றினார்.

இங்கே மேய்ப்பர்கள் தம் கோலைத் தாழ்த்திக்கொண்டனர். விசுவாசிகளின் விருப்பத்துக்கு அவர்கள் அளித்த மதிப்பின் விலையை ஒரு விசுவாசி தம் வாழ்நாள் முழுவதும் செலுத்தினார். போதகரின் அதிகாரம் குறைந்த இடத்திலெல்லாம் தனிமனிதனின் சுதந்திரம் வளர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். அவ்விடத்தை வேறோர் அதிகாரம், குலத்தின் அதிகாரம், கவர்ந்துகொள்ளவும் கூடும்.

கோயிலினுள்ளும் இந்நிலையே நிலவியது. வேளாளர் முதலிய சாதியாரை அக்கால ஆவணங்கள் ‘சூத்திரக் கிறிஸ்தவர்’ என்று குறித்தன. அவர்கள் ஒரு புறமும் பறையர் குலத்தார் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்துக் கிண்ணம் முதலில் அவர்களுக்கும் பின்னர் இவர்களுக்கும் சென்றது. தஞ்சையில் புகழோடு வாழ்ந்து 1798இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயரும் இவ்வழக்கை வன்மையாக ஒழிக்க முற்படவில்லை. போதனையினால் காலப்போக்கில் தேயும் என்று நம்பிப் பொறுத்திருந்தார்.

தஞ்சைக் கவிராயரின் நான்கு முறையீடுகள்

சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்தெடுத்த மாணவருள் தலைசிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் தஞ்சைக்கு அழைத்து வந்தார். பெத்லகேம் குறவஞ்சியும் ஞானத்தச்ச நாடகமும் ஜெபமாலையும் பாடிய அவர், கிறிஸ்தவ சமயத்தைத் தமிழிசையின் மடியில் அமர்த்தியவர். சகுனம் பார்த்தல் முதலிய மூடப்பழக்கங்களைச் சாஸ்திரக் கும்மியில் எள்ளி நகையாடியவரும் அவரே.

1820ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறியது. பழைய ஜெர்மானிய மிஷனரிமாரின் சபைகள் ஆங்கிலேயரின் எஸ்.பி.ஜி. சங்கத்தின் பொறுப்பில் வந்தன. புதிதாக வந்த இளைய மிஷனரிமார் பழைய வழக்குகளைப் பொறுக்க விரும்பவில்லை. தஞ்சையில் பணியேற்ற ஹௌப்ரோ என்பார் அவர்களுள் ஒருவர். சபைகளில் எழுந்த குமுறல் முறையீடாக உருப்பெற்றது. தஞ்சை, திருச்சிராப்பள்ளி, தரங்கம்பாடி, வேப்பேரி ஆகிய ஊர்களின் சூத்திரக் கிறிஸ்தவர் பெயரால் எழுந்த அவ்விண்ணப்பத்தில் சாஸ்திரியாரின் குரலே ஓங்கி ஒலித்தது. இளைய மிஷனரிமார் நான்கு கொடுமைகள் இழைக்கின்றனர் என்பது அதன் சாரம்.

முதலாவது, பப்ரிஷியஸ் ஐயர் மொழிபெயர்த்த வேதாகமத்தை ஒதுக்கிவிட்டுப் புதுத் திருத்தங்களைப் புகுத்துகின்றனர். இரண்டாவது, எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க வற்புறுத்தி, மறுப்போரைத் திருவிருந்தினின்று விலக்குகின்றனர். மூன்றாவது, பண்டிகைகளைக் குறைத்து, மணவிழாவிலும் இறுதிச் சடங்கிலும் பூக்களைப் பயன்படுத்தத் தடை விதிக்கின்றனர். நான்காவது, தமிழ்க் கீர்த்தனைகளைக் கோயிலினின்று அகற்றுகின்றனர்.

இந்நான்கையும் ஒரே தட்டில் வைத்தது சாஸ்திரியாரின் வாதத்துக்கு வலிமையாகவும் அமைந்தது, குற்றமாகவும் அமைந்தது. தமிழன் தமிழ்ப் பண்ணில் இறைவனைப் பாடுவதை எந்தப் போதகர் தடுக்கலாம்? மணமகள் கூந்தலில் மல்லிகை சூடுவது எந்த நற்செய்திக்கு முரணாகும்? தலைமுறைகளாகக் கண்ணீரோடு ஓதிவந்த வேதமொழியைச் சபையாரைக் கலவாமல் மாற்றுவது எவ்வாறு நேர்மையாகும்? இவற்றில் சாஸ்திரியார் பேசியது மனச்சான்றின் உரிமையை. ஆனால் இரண்டாவது முறையீட்டில் அவர் கோரிய உரிமை வேறு வகைப்பட்டது. பாட்டும் பூவும் அவற்றைப் பாடுவோனையும் சூடுவோனையும் சார்ந்தவை. தனியிருக்கை அப்படிப்பட்டதன்று. அயலான் இன்ன இடத்தில்தான் அமரலாம் என்று அவனுக்கும் சேர்த்து விதிப்பது அது.

சாஸ்திரியார் தம் நிலைக்குக் காரணம் கூறாமல் இல்லை. சாதியைத் திருத்தப் புகுவது அறிவீனம் என்று 1829இல் ஒரு நூலே எழுதினார். ஐரோப்பியரிடையேயும் மேலோர், கீழோர் என்னும் படிநிலைகள் இருக்க, தமிழரை மட்டும் ஒன்றாக உட்காரச் சொல்வது ஏன் என்பது அவர் கேள்வி. மிஷனரிமாரின் முரண்பாட்டைத் தொட்டுக் காட்டிய கேள்விதான் அது. ஆயினும் ஒருவர் வீட்டில் உள்ள குறையைக் காட்டித் தம் வீட்டுக் குறையை நியாயப்படுத்த இயலாது.

இதற்கு மறுமொழியாக வந்தது வாதமன்று, பணிநீக்கம். அதே 1829ஆம் ஆண்டில் சாஸ்திரியார் மிஷன் வேலையை இழந்தார். சுவார்ட்ஸின் அன்புக்குப் பாத்திரமாகி, அவரிடமே கல்வி பயின்ற தஞ்சை மன்னர் சரபோஜி அவரை ஆதரித்தார். சபை கைவிட்ட கிறிஸ்தவக் கவிஞருக்கு இந்து மன்னர் நிழல் தந்தார் என்பது வரலாற்றில் பதிந்த செய்தி.

பேராயரின் சுற்றறிக்கை

1826ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாளையொட்டித் தஞ்சைக்கு வந்த பேராயர் ஹீபர் இச்சச்சரவை உசாவினார். சாதி வேறுபாட்டைச் சமூக வழக்காகக் கருதி மென்மையாக நடத்தலாம் என்பதே அவர் நோக்கு. ஆனால் சில நாள்களுக்குள், ஏப்ரல் 3ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் அவர் திடீரென உயிர்நீத்தார்.

பின்னர்ப் பேராயராக வந்த தானியேல் வில்சன் வேறு முடிவுக்கு வந்தார். 1833ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவர் விடுத்த சுற்றறிக்கை, திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டது. கோயிலில் சாதிக்கென இடம் ஒதுக்கலாகாது. திருவிருந்துக்கு எல்லாரும் கலந்தே வரவேண்டும். உட்படாதோர்க்குத் திருவிருந்து இல்லை.

சுற்றறிக்கை சபைகளில் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியில் உயர்சாதியாரில் பெரும்பகுதியினர் எழுந்து வெளியேறினர். தஞ்சையிலும் பலர் விலகினர். உடன்படாத உபதேசியார்களும் ஆசிரியர்களும் வேலையிழந்தனர். 1835ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேராயரே நேரில் வந்து அறிவுரை கூறினார். சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை.

வில்சனின் நோக்கம் நேரியது என்பதில் ஐயமில்லை. ஒரே கிண்ணத்தில் பருகுவோர் ஒருவரையொருவர் தீண்டத் தயங்குவார்களாயின், அக்கிண்ணத்துக்குப் பொருளே இல்லை. திருவிருந்தை முறையாக வழங்குவது போதகரின் கடமையாதலால், அதன் முன் எல்லாரும் சமம் என்று கூற அவருக்கு முழு உரிமையும் உண்டு. எனினும் அந்த உரிமையோடு ஊதியத்தையும் பதவியையும் பிணைத்தபோது, அறிவுறுத்தல் நிருவாக ஆணையாக மாறிற்று. மனம் மாறாமல் வேலைக்காகத் தலையசைத்தவன் உள்ளே தங்கினான். மனத்தில் பட்டதை வெளிப்படையாகச் சொன்னவன் வெளியேறினான். எத்தனை பேர் உண்மையிலேயே மனம் திரும்பினர் என்பதை அறியும் வழியை அவ்வாணையே அடைத்துவிட்டது.

உண்பதும் ஒரு சோதனை

இதன் பின்னர் அதிகாரம் இன்னும் ஓர் அடி முன்னே வைத்தது. கோயிலுக்குள் சமமாக அமர்ந்தாலும் வீட்டில் சாதி காப்போர் உண்டு என்பதைக் கண்ட மிஷனரிமார், உணவைச் சோதனையாக்கினர். தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை எல்லாரோடும் அமர்ந்து உண்பவரே சாதியை விட்டவர் என்று கருதப்பட்டனர். ‘அன்பின் விருந்து’ என்று அதற்குப் பெயரும் இட்டனர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் 1847இல் தம் பணியாளரிடம் இச்சோதனையை நடத்த, மறுத்தவர் பலர் பணியிழந்தனர். 1850இல் சென்னை மிஷனரிமார் கூடி வெளியிட்ட அறிக்கையும் இத்தகைய சான்றை வேண்டியது.

அன்புக்கு விருந்துண்டு, சோதனைக்கு விருந்துண்டா என்று அக்காலத்தில் பலர் ஐயுற்றனர். லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரௌல் இவ்வழியை ஏற்கவில்லை. சாதி பெரும்பாலும் சமூக அமைப்பே என்றும், சட்டத்தால் அறுக்க முயல்வதை விட நற்செய்தியின் வளர்ச்சியால் அதனைக் கரைப்பதே தக்கது என்றும் அவர் கருதினார். எஸ்.பி.ஜி. சபைகளினின்று விலகியோரில் பலர் லுத்தரன் சபையில் சேர்ந்தனர். மனச்சான்றை வற்புறுத்தாத சபை என்று அவர்கள் அதனைப் புகழ்ந்தனர். அதே சபையின் ஓக்ஸ் என்னும் மிஷனரி, சாதியைப் பொறுப்பது நற்செய்தியை விற்பதாகும் என்று எதிர்த்துப் பிரிந்து சென்றார். அவருக்கும் மனச்சான்றே சான்று.

இவ்வழக்கு முழுவதிலும் ஒரு சாராரின் குரல் ஏடுகளில் அரிதாகவே கேட்கின்றது. மிஷனரிமார் எழுதிய கடிதங்கள் உள்ளன. சூத்திரக் கிறிஸ்தவரின் விண்ணப்பங்கள் உள்ளன. மறுபுறத்தில் அமர்ந்து, கிண்ணம் தம்மிடம் வரும்வரை காத்திருந்தவர்கள் என்ன எண்ணினர் என்பதைப் பதிந்தோர் சிலரே. அவர்களும் விசுவாசிகளே. ‘தனிமனிதனின் மனச்சான்று’ என்று இரு தரப்பாரும் பேசியபோது அம்மனிதர்களின் மனச்சான்று கணக்கில் வரவில்லை.

நாசரேத்தில் எழுந்த தனிச்சபை

திருநெல்வேலிச் சீமையில் இவ்வினா வேறொரு முகம் காட்டிற்று. அருமைநாயகம் என்னும் இயற்பெயர் கொண்ட சட்டாம்பிள்ளை நாடார் சமூகத்தவர், எஸ்.பி.ஜி. மிஷனில் உபதேசியாராக இருந்தவர். நாசரேத்து மிஷனரி கெமரருடன் ஏற்பட்ட பிணக்கால் பணியிழந்தார். 1849இல் கால்டுவெல் ஐயர் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட நூல் அச்சமூகத்தைத் தாழ்த்திக் கூறியதென்று மனக்காயம் பரவியிருந்த காலம் அது. தம்மை மேய்க்க வந்தவரே தம்மை இழித்து எழுதுவாராயின், அவர் கோலுக்கு ஏன் பணிய வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது.

1857இல் சட்டாம்பிள்ளையும் அவரைச் சார்ந்தோரும் நாசரேத்தையடுத்த பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டனர். ஏக இரட்சகர் சபை என அது வழங்கலாயிற்று. அங்கே வெளிநாட்டு மிஷனரி இல்லை. சம்பளம் பெறும் குரு இல்லை. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டனர். மண்ணின் வழக்கங்களோடு வழிபட்டனர். வேதத்தைத் தாமே படித்துத் தாமே பொருள் காணும் உரிமை தமக்கு உண்டென்பது அவர்கள் கொள்கை. சீகன்பால்கு கொண்டுவந்த கோட்பாட்டின் இயல்பான விளைவு இது எனலாம். வேதத்தை மக்கள் கையில் கொடுத்தவர், அதனைப் படித்தோர் தம்மோடு மாறுபடுவதற்கும் வழி திறந்துவிட்டார். எனினும் அச்சபையும் பெரும்பாலும் ஒரே சமூகத்தாரின் சபையாகவே நின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை.

காலத்தின் தீர்ப்பு

சாஸ்திரியாரின் நான்கு முறையீடுகளுக்கும் காலம் தனித்தனியே தீர்ப்பளித்தது. அன்று கோயிலினின்று அகற்ற முயன்ற கீர்த்தனைகள் இன்று தமிழ்க் கிறிஸ்தவரின் பொதுச்சொத்து. தோட்டங்களிலும் நகரங்களிலும் வேலை தேடி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பெட்டியோடு அவற்றையும் சுமந்து வந்தனர். மலேசியத் தமிழ் லுத்தரன் சபையின் வேர் தரங்கம்பாடியிலேயே உள்ளது. மணவிழாவில் பூமாலை மணக்கிறது, தடுப்பார் இல்லை. வேதாகம மொழிபெயர்ப்போ, பப்ரிஷியஸின் மொழியைத் தழுவியும் திருத்தியும் பலர் கூடிச் செய்யும் பணியாக மாறியது. இம்மூன்றிலும் சாஸ்திரியாரின் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டாவது முறையீட்டில் அவர் தோற்றார், தோற்கவேண்டியவரும் ஆவார். ஆனால் அத்தோல்வியும் முழுமையடையவில்லை. தமிழகத்துச் சில ஊர்களில் சாதிவாரியான கல்லறைத் தோட்டங்கள் இன்றும் உள்ளன. கட்டளையால் அகற்றப்பட்டது கோயிலின் நடுவிலிருந்து விலகி ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டது.

இவ்வரலாற்றிலிருந்து போதகரின் அதிகாரத்துக்கு இரண்டு எல்லைகள் புலனாகின்றன. விசுவாசியின் பாட்டு, உடை, உணவு, மொழி ஆகியவை அவனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டவையாக இருக்கும்வரை, போதகர் அறிவுரை கூறலாமேயன்றி ஆணையிடலாகாது. அவை அயலானைத் தாழ்த்தும் கருவியாகும்போது போதகர் வாய் மூடியிருத்தலும் ஆகாது. அங்கே அவர் பேசாதிருந்தால் ராஜநாயக்கனுக்கு நேர்ந்ததே பிறர்க்கும் நேரும். பேசும்போதும் அவர் கையில் இருக்கவேண்டியது இறைமொழி ஒன்றே. சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மனமாற்றத்தைக் கேட்பவர், தலையசைப்பை மட்டுமே பெறுவார்.

விசுவாசிக்கும் எல்லை உண்டு. லுத்தர் நிறுவிய இரு கருத்துகளுள் முதலாவதைச் சாஸ்திரியார் பற்றிக்கொண்டார், இரண்டாவதை விட்டுவிட்டார். இரண்டாவதை வில்சன் பற்றினார். ஆனால் அன்பினால் விளையவேண்டியதை ஆணையினால் விளைவிக்க முயன்றார். எவருக்கும் அடிமையல்லன் என்று தலைநிமிர்பவன், எல்லாருக்கும் ஊழியன் என்று குனியவும் கற்கவேண்டும். 1864ஆம் ஆண்டு சனவரியில் தம் தொண்ணூறாம் வயதை எட்டும் முன் மறைந்த சாஸ்திரியாரின் பாடல்களை இன்று எல்லாக் குலத்தாரும் ஒருங்கே அமர்ந்து பாடுகின்றனர். எந்தப் போதகரின் ஆணைக்கும் அவர் இசையாத ஒன்றை, அவருடைய பாட்டே அமைதியாக நிறைவேற்றி வருகின்றது.